வலிக்காத இடத்தில் இருந்த ஐந்து மில்லிமீட்டர்

“மூன்று, இரண்டு, மூன்று. மூன்று, இரண்டு, நான்கு. ஐந்து, மூன்று, ஐந்து.”

நாற்காலியில் சாய்ந்து படுத்திருந்த என் தலைக்கு மேலே இந்த எண்கள் ஒரே சீரான குரலில் ஒலித்துக்கொண்டிருந்தன. மருத்துவர் சொல்லச் சொல்ல, உதவியாளர் அவற்றை ஒரு படிவத்தில் குறித்துக்கொண்டே வந்தார். முனையில் மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்று, ஒவ்வொரு பல்லுக்கும் அதைச் சுற்றியுள்ள ஈறுக்கும் நடுவே மெதுவாக இறங்கி ஏறுவதை உணர முடிந்தது. வலி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஆனாலும் எண்கள் ஐந்தை எட்டியபோதெல்லாம் மருத்துவரின் குரல் ஒரு நொடி நின்று பிறகு தொடர்ந்ததை நான் கவனித்தேன். அந்த நொடியில்தான் எனக்கு முதல்முறையாகக் கவலை வந்தது.

அளந்து முடித்த பிறகு அவர் படிவத்தை என் கையில் கொடுத்து விளக்கினார். ஒவ்வொரு பல்லிலும் வெளிப்புறம் மூன்று இடங்கள், உட்புறம் மூன்று இடங்கள் என ஆறு இடங்களில் ஈறின் ஆழத்தை அளப்பார்கள். எனக்கு இருப்பவை 28 பற்கள். ஆக மொத்தம் 168 எண்கள். பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் எல்லோருக்குமே ஒரு சிறு பள்ளம் உண்டு. அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருந்து, அளக்கும்போது ரத்தம் கசியாமலும் இருந்தால் அங்கே ஈறு நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். 4-ஐ எட்டினால் கவனிக்க வேண்டும். ஐந்தும் ஆறும் வருகிற இடங்களில் ஈறு பல்லை விட்டு விலகத் தொடங்கி, நடுவே ஒரு பை உருவாகியிருக்கிறது என்று பொருள். அந்தப் பைக்குள் எந்தப் பிரஷ்ஷின் இழையும் போய்ச் சேராது. படிவத்தில் சில எண்களுக்கு மேல் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அவை, கம்பி பட்டதும் ரத்தம் கசிந்த இடங்கள். கம்பியை அழுத்துவது ஏறத்தாழ 25 கிராம் எடைக்கு நிகரான விசையில்தான். நலமான ஈறு அவ்வளவு லேசான தொடுதலுக்கு ரத்தம் சிந்தாது.

அன்றைக்கு முன்னர் நான் பல் மருத்துவரைப் பார்த்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. காரணம் எளிமையானது: எனக்குப் பல்வலி வரவில்லை. இரு வேளையும் பல் துலக்கினேன். சொத்தை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. எதைக் கடித்தாலும் சிரமம் இல்லை. துலக்கும்போது வலப்பக்கக் கீழ்வரிசையில் மட்டும் சில நாள்களில் எச்சிலோடு ரத்தம் கலந்து வந்தது. பிரஷ் குத்தியிருக்கும் என்று நினைத்து, மென்மையான பிரஷ்ஷுக்கு மாறினேன்; அந்த இடத்தில் கையை இன்னும் மெதுவாகப் போட்டேன்; பிறகு அந்த இடத்தைக் கிட்டத்தட்டத் தவிர்க்கவே பழகிக்கொண்டேன். எந்த இடம் ‘என்னைக் கவனி’ என்று ரத்தத்தால் சொன்னதோ, அந்த இடத்தைத்தான் இரண்டு ஆண்டுகளாகக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். இதை வெட்கத்தோடு எழுதவில்லை. என்னைப் போலவே நினைக்கிறவர்கள் மிகப் பலர் இருக்கிறார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

வலியை நம்பிக் காத்திருப்பது பல் விஷயத்தில் ஏன் பயன்படாது என்பதை, இதற்குப் பின் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். பல்லின் மேலுறையான எனாமல், எடைக் கணக்கில் 96 விழுக்காடு கனிமத்தால் ஆனது. மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதற்குள் நரம்பு கிடையாது. உயிரணுவும் கிடையாது, எனாமலை உருவாக்கிய அணுக்கள், பல் முளைத்து வெளியே வரும்போதே தம் வேலையை முடித்து மறைந்துவிடுகின்றன. எனவே சொத்தை எனாமலை அரித்துக்கொண்டிருக்கும் காலம் முழுவதும் நமக்கு எதுவும் தெரிவதில்லை. அடுத்த அடுக்கான டென்டினைத் தொட்ட பிறகுதான் கூச்சம் தொடங்கும். அதையும் தாண்டி நரம்பும் ரத்தக் குழாய்களும் உள்ள கூழ்ப்பகுதியை நெருங்கும்போதுதான் இரவில் தூங்கவிடாத வலி வரும். ஈறு நோயோ இதைவிட அமைதியானது. பல்லைத் தாங்கி நிற்கும் தாடை எலும்பு ஒவ்வொரு மில்லிமீட்டராகக் கரைந்துகொண்டிருந்தாலும், பெரும்பாலும் பல் ஆடத் தொடங்கும் வரை அது தன்னைக் காட்டிக்கொள்வதே இல்லை. அப்படிக் கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளர்வதும் இல்லை. புகைபிடிப்பவர்களிடம் இது இன்னும் மறைந்து நடக்கிறது. புகையிலை ஈறின் ரத்தக் கசிவைக் குறைத்துவிடுவதால், எனக்குக் கிடைத்த அந்த ஒரே எச்சரிக்கைகூட அவர்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

இவற்றுக்கெல்லாம் தொடக்கம், பல்லின் மேல் நாள்தோறும் படியும் மெல்லிய, ஒட்டும் தன்மையுள்ள ஒரு படலம். துலக்காத பல்லை நாக்கால் தடவும்போது வழுவழுப்பாகத் தெரிவது அதுதான். அது உணவுத் துணுக்கு என்றுதான் நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். உண்மையில் அது பல வகை நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று பிணைந்து, தமக்கென ஒரு பசையையும் சுரந்து கட்டிக்கொள்ளும் குடியிருப்பு. 1683-இல் ஆன்டனி வான் லேவன்ஹூக் தம் பற்களுக்கிடையில் இருந்த வெள்ளைப் படிவை எடுத்துத் தாமே செய்த லென்ஸின் கீழ் வைத்துப் பார்த்தபோது, அதில் சின்னஞ்சிறு உயிர்கள் அசைவதைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். மனிதன் பாக்டீரியாவை முதன்முதலாகப் பார்த்த நிகழ்வுகளில் ஒன்று, இப்படிப் பல்லிடுக்கிலிருந்துதான் நடந்தது.

அந்தப் படலத்தை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு விடை கிடைக்க மேலும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின. டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் 1965-இல் வெளியிட்ட ஆய்வு மிக எளிமையானது. ஈறு நலமாக இருந்த பன்னிரண்டு பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். பத்து நாள்களிலிருந்து மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும், ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. இந்த ஆய்வைப் பற்றி மருத்துவர் சொல்லக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லியாக வேண்டும். ஈறு சிவந்து ரத்தம் கசிகிற அளவில் நிற்கும் வரை எல்லாமே திரும்பப் பெறக்கூடியது. எலும்பு கரையத் தொடங்கிய பிறகுதான் திரும்பி வர வழியில்லாத பாதை. எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று கண்ணாடி முன் நின்று நம்மால் கண்டுபிடிக்க முடியாது. கம்பியால் அளந்தும், தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்தும்தான் சொல்ல முடியும். பரிசோதனை என்ற சொல்லின் முழுப் பொருளும் எனக்கு அன்றுதான் விளங்கியது.

நுண்ணுயிர்ப் படலம் மென்மையாக இருக்கும் வரை பிரஷ் அதை அகற்றிவிடும். சில நாள்கள் ஓரிடத்தில் தங்கிவிட்டால், உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கிப் படிந்து அதைக் கல்லாக்கிவிடுகின்றன. இதைத்தான் பற்காரை என்கிறோம். பல்லைக் காக்கும் அதே உமிழ்நீர்தான் இந்தக் காரையையும் கட்டுகிறது. உமிழ்நீர் வந்து விழும் வாய்க்கால்களின் அருகே, அதாவது கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னத்தை ஒட்டிய பக்கத்திலும் காரை மிகுதியாகச் சேர்வது இதனால்தான். நாக்கின் நுனியைக் கீழ்முன்பற்களின் பின்புறம் வைத்துப் பார்த்தால் பலருக்கு அங்கே சொரசொரப்பான ஒரு வரம்பு தட்டுப்படும். வெளியே தெரியும் காரை மஞ்சளாகவோ வெளிர் நிறமாகவோ இருக்கும். ஈறுக்குக் கீழே வேரைப் பற்றிக்கொண்டு வளர்வது கறுத்து, இன்னும் இறுகிப்போயிருக்கும். காரை தானே நஞ்சு என்று சொல்ல முடியாது. அதன் கரடுமுரடான மேற்பரப்பு புதிய படலம் குடியேற வசதியான இடமாக இருக்கிறது என்பதும், அதன் மேல் பிரஷ்ஷை எவ்வளவு ஓட்டினாலும் ஈறின் விளிம்பு சுத்தமாவதில்லை என்பதும்தான் சிக்கல். கெட்டியான காரையை வீட்டில் எந்தப் பற்பசையாலும் எடுக்க முடியாது. கூர்மையான பொருளைக் கொண்டு தாமே சுரண்டிப் பார்க்கிறவர்கள் ஈறையும் பல்லையும் காயப்படுத்திக்கொள்கிறார்கள். இதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்.

இரண்டு நாள் கழித்துச் சுத்தம் செய்துகொள்ளப் போனேன். ஸ்கேலிங் என்று பொதுவாகச் சொல்லப்படும் இந்த வேலைக்கு இப்போது பெரும்பாலும் பயன்படுவது மீயொலிக் கருவி. அதன் முனை நொடிக்கு 25,000 முறைக்கு மேல் அதிர்கிறது. அந்த அதிர்வு பட்டதும் காரை பெயர்ந்து தெறிக்கிறது. கூடவே பாயும் நீர், முனை சூடாகாமல் காத்து, பெயர்ந்த துகள்களைக் கழுவிக்கொண்டு போகிறது. அந்த நீரை உதவியாளர் ஒரு குழாயால் உறிஞ்சிக்கொண்டே இருந்தார். சத்தம் கூர்மையாக இருந்தது. அது காதால் கேட்பதைவிட எலும்பின் வழியாக மண்டைக்குள் ஒலிப்பதைப் போல இருந்தது. முன்பற்களின் பின்புறம் கருவி போனபோது, கல் உடையும் நறநறப்பை என்னால் தெளிவாக உணர முடிந்தது. ஆழம் மிகுந்த வலப்பக்கக் கடைவாயில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, ஈறுக்குக் கீழே வேரின் மேற்பரப்பைக் கையால் இயக்கும் வளைந்த கருவிகளைக் கொண்டு சுரண்டி வழித்தார். அங்கே கண் உதவாது. விரல் நுனிக்குத் தட்டுப்படும் சொரசொரப்பையும் வழவழப்பையும் வைத்தே வேலை செய்ய வேண்டும் என்றார். அவர் கண்களை வேறெங்கோ நிறுத்தி, கை சொல்வதைக் கேட்பவர் போல வேலை செய்ததைப் பார்த்தபோது அந்தத் தொழிலின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு ஏற்பட்டது. கடைசியாகச் சுழலும் ரப்பர்க் கிண்ணத்தில் மென்மையான பசையை வைத்து மெருகேற்றினார். பலரும் ‘பல் சுத்தம்’ என்றால் இந்த மெருகையே நினைக்கிறார்கள். உண்மையில் அது மேற்கறையை நீக்கிப் பல்லை வழவழப்பாக்குவதோடு சரி. பல்லின் இயற்கையான நிறத்தை அது மாற்றாது. வெண்மையாக்கும் சிகிச்சை முற்றிலும் வேறு.

இதைச் செய்துகொள்ள அஞ்சுகிறவர்கள் சொல்லும் காரணங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஏனென்றால் அந்த அச்சங்களில் ஒவ்வொன்றும் ஒரு மெய்யான அனுபவத்திலிருந்து பிறந்தது. ‘மூடநம்பிக்கை’ என்று தள்ளிவிட்டால் யாரும் தெளிவடையப் போவதில்லை. சுத்தம் செய்த பிறகு பற்களுக்கிடையில் இடைவெளி விழுந்துவிட்டது என்கிறார்கள். ஆம், எனக்கும் கீழ்வரிசையில் முன்பு இல்லாத இடுக்குகள் தெரிந்தன. முதல் சில நாள்கள் நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தை அதுவரை காரை அடைத்திருந்தது. வீங்கியிருந்த ஈறும் அதை நிரப்பியிருந்தது. காரை போய், வீக்கமும் வடிந்ததும், ஏற்கெனவே இருந்த இடைவெளி வெளிப்படுகிறது. பல் ஆடுகிறது என்ற குறையும் இதே வகையைச் சேர்ந்தது. எலும்பை இழந்த பற்களைப் பல ஆண்டுக் காரை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய சுவர்போலப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் மறைந்திருந்த ஆட்டம் தெரியவரும். பல்லைத் தளர்த்தியது சிகிச்சை என்று அப்போது தோன்றுவது இயல்பு. ஆனால் காரையை அப்படியே விட்டிருந்தால் அடியில் எலும்பு மேலும் கரைந்து, காரையோடு சேர்ந்தே பல்லும் விழுந்திருக்கும்.

கூச்சம் ஏற்படுவதும் உண்மைதான். ஈறு இறங்கிய இடங்களில் வேரின் டென்டின் வெளிப்பட்டிருக்கும். அதில் உள்ள நுண்குழாய்களில் இருக்கும் திரவம் குளிருக்கும் சூட்டுக்கும் அசையும்போது உள்ளே உள்ள நரம்பு தூண்டப்படுகிறது. இதுவரை காரை அந்தக் குழாய்களை மூடிப் போர்த்தியிருந்தது. எனக்கு நான்கு நாள் குளிர்ந்த நீர் சுரீரென்றது; கூச்சத்துக்கான பற்பசையைப் பயன்படுத்தினேன்; பிறகு அடங்கியது. பொதுவாகச் சில நாள்கள், மிஞ்சினால் ஓரிரு வாரங்களில் குறைந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். எனாமல் தேய்ந்துவிடுமா என்ற கேள்விக்கு, முறையாகப் பயிற்சி பெற்றவர் கருவியைச் சரியான கோணத்தில் வைத்துச் செய்யும்போது அந்த அச்சத்துக்கு இடமில்லை என்பதே விடை. வேரின் மேற்பரப்பு எனாமலைவிட மென்மையானது என்பதால் அங்கே கூடுதல் நிதானம் வேண்டும். அதனாலேயே இந்த வேலையைத் தகுதி உள்ளவரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும்.

எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை போக வேண்டும் என்று கேட்டேன். ஆறு மாதம் என்ற விடையை எதிர்பார்த்துத்தான் கேட்டேன். எங்கும் அதைத்தானே சொல்கிறார்கள். “உங்களுக்கு மூன்று மாதம். வீட்டில் மற்றவர்களுக்கு அவரவர் வாயைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்” என்றார். இதைப் பிறகு தேடிப் படித்தபோது, அவர் சொன்னதன் பின்னால் கவனமான சிந்தனை இருப்பது தெரிந்தது. ஆறு மாதம் என்ற கணக்கு எல்லோருக்கும் பொருந்தும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2004-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒருவருக்கு நோய் வரும் வாய்ப்பைப் பொறுத்து இடைவெளியை முடிவு செய்யச் சொல்கிறது: மிகக் குறைவாக மூன்று மாதம், பெரியவர்களுக்கு அதிகமாக இரண்டு ஆண்டு, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதிகமாக ஓராண்டு.

இதோடு இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடுமையான ஈறு நோய் இல்லாத, தவறாமல் பரிசோதனைக்கு வந்துகொண்டிருக்கும் பெரியவர்களிடையே, ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை வழக்கமாகச் செய்யும் ஸ்கேலிங், இரண்டு மூன்று ஆண்டுக் காலத்தில் ஈறு அழற்சியைக் குறைப்பதில் பெரிய வேறுபாடு எதையும் காட்டவில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பாய்வு கண்டது. காரை மட்டும் சற்றே குறைந்திருந்தது. இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் போகவே வேண்டாம்’ என்று முடிவு கட்டினால் அது தவறான வாசிப்பு. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் ஏற்கெனவே தொடர்ந்து பரிசோதிக்கப்பட்டவர்கள். நானோ ஒன்பது ஆண்டுகள் எட்டிப் பார்க்காதவன், பை ஐந்து மில்லிமீட்டர் ஆழம் போனவன். ஆகவே நான் இதிலிருந்து எடுத்துக்கொண்ட கருத்து வேறு: பரிசோதனை எல்லோருக்கும் வேண்டும், சுத்தம் செய்வது, அந்தப் பரிசோதனையில் என்ன தெரிகிறதோ அதைப் பொறுத்தது. “எனக்கு ஏன் இப்போது ஸ்கேலிங் தேவை? ஆழம் எவ்வளவு? எத்தனை இடத்தில் ரத்தம் கசிந்தது?” என்று கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. நல்ல மருத்துவர் அந்தக் கேள்விகளை மகிழ்ச்சியோடு ஏற்பார் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

பரிசோதனை ஈறோடு முடிவதில்லை. இரண்டு பற்கள் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கங்களில் ஒளிந்திருக்கும் சொத்தையைக் கண்ணால் காண்பது கடினம் என்பதால் சிறிய எக்ஸ்ரே எடுப்பார்கள். அதன் கதிர்வீச்சு, ஒரு நாளில் இயற்கையாகவே நம் மேல் படும் அளவை ஒட்டியது அல்லது அதற்கும் குறைவு. தொடக்க நிலையில் வெள்ளைப் புள்ளியாக மட்டும் இருக்கும் சொத்தையை, குடையாமலேயே, பல்லை உறுதிப்படுத்தும் ஃப்ளோரைடைக் கொண்டு நிறுத்திவிட முடிவதும் உண்டு. நாக்கின் ஓரங்கள், நாக்குக்கு அடியில் உள்ள பகுதி, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. நாற்காலியில் அமரும் முன் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது, சொன்னால் போதும். செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைத் தமக்கே உரிய செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை ஈறு நோயைத் தீவிரமாக்குகிறது; ஈறு நோயும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதைக் கடினமாக்குகிறது. ஈறுக்குச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குச் சர்க்கரை அளவு ஓரளவு குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சுத்தம் செய்து முடித்த அன்று மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார்: “நீங்கள் வலக்கைப் பழக்கம் உள்ளவர்தானே?” ஆம் என்றேன். வலக்கையால் துலக்கும்போது வலப்பக்கக் கீழ்க்கடைவாயின் உட்புறத்துக்குக் கை வளைய வேண்டியிருக்கிறது. பலரும் அங்கே ஓரிரண்டு இழுப்போடு நகர்ந்துவிடுகிறார்கள் என்றார். என் படிவத்தில் ஐந்துகள் குவிந்திருந்த இடம் அதுதான். பிறகு என் கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்துத் துலக்கிக் காட்டச் சொன்னார். இத்தனை வயதில் ஒருவர் முன் பல் துலக்கிக் காட்டுவது விசித்திரமாக இருந்தது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் கற்றது, அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் யாரும் எனக்குச் சொல்லாதது. பிரஷ்ஷின் இழைகள் பல்லும் ஈறும் சேரும் விளிம்பை நோக்கி ஏறத்தாழ 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும். அழுத்தித் தேய்க்காமல், அங்கேயே சிறுசிறு அசைவுகளாக ஆட்ட வேண்டும். ரத்தம் வந்தாலும் அந்த இடத்தை விட்டு விலகக் கூடாது. பற்களின் இடுக்குக்குள் எந்தப் பிரஷ்ஷும் நுழையாது என்பதால் அதற்கெனக் கம்பித் தண்டில் இழை வைத்த குட்டிப் பிரஷ் ஒன்று உண்டு. எந்த இடுக்குக்கு எந்த அளவு என்று அவரே போட்டுப் பார்த்துத் தேர்ந்து தந்தார். இடுக்கு குறுகலாக உள்ள முன்பற்களுக்கு ஃப்ளாஸ் நூல். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் ஃப்ளோரைடு முழுவதும் கழுவப்பட்டுவிடும் என்றும் சொன்னார். அதுவரை நான் மூன்று முறை கொப்பளித்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாரம் இடுக்குப் பிரஷ்ஷில் ஒவ்வொரு நாளும் ரத்தம் இருந்தது. மனம் மீண்டும் பழைய முடிவுக்கே போகப் பார்த்தது. இதை நிறுத்தினால் ரத்தமும் நிற்கும் என்று தோன்றியது. பன்னிரண்டு பேரை வைத்து நடந்த அந்தப் பழைய ஆய்வை நினைத்துக்கொண்டு நிறுத்தாமல் தொடர்ந்தேன். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, பிரஷ் வெள்ளையாகவே வெளியே வந்தது. விளக்கின் கீழ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து அதே நாற்காலியில் மறுபடி படுத்தேன். அதே கம்பி, அதே சீரான குரல். இந்த முறை எண்களை நானும் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். இரண்டு, இரண்டு, மூன்று. மூன்று, இரண்டு, மூன்று. வலப்பக்கக் கீழ்க்கடைவாய்க்கு வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நான்கு, இரண்டு, மூன்று. கடைசிப் பல்லின் உட்புறத்தில், நடுப்பகுதியில், ஓரிடத்தில் மட்டும் இன்னும் ஐந்து. “இங்கே வேர் பிரியும் இடம், கொஞ்சம் பிடிவாதமாகத்தான் இருக்கும்” என்று சொல்லி, அந்த ஓர் இடத்தை மட்டும் மீண்டும் சுத்தம் செய்தார். படிவத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். பல் துலக்கும் இடத்தில் கண்ணாடியின் ஓரத்தில் அதை ஒட்டி வைத்து, அந்த ஐந்தைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். தினமும் இரவில் துலக்கத் தொடங்குவது அந்த இடத்திலிருந்துதான். அடுத்த அளவீட்டுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.